'காம்போசிஷன்' என்ற சொல்லின் பொருள்

பள்ளிக்கூடத்தில் ஆங்கில வாத்தியார் 'காம்போசிஷன் நோட்டு' வாங்கி வரச் சொல்வார். அதனால் நம்மில் பலருக்கு அச்சொல் கட்டுரை என்றே மனத்தில் பதிந்துவிட்டது. ஜி.எஸ்.டி.யில் வரும் காம்போசிஷன் வேறு. சட்ட ஆங்கிலத்தில் அதற்கு, பைசா பைசாவாகக் கணக்குப் பார்க்காமல் ஒரு தொகைக்கு இசைந்து தீர்த்துக்கொள்வது என்று பொருள். முத்திரையிடாத தராசு பிடிபட்டால் கோர்ட்டுக்குப் போகாமல் கட்டுகிறோமே 'காம்பவுண்டிங்' தொகை, அதுவும் இதே குடும்பத்துச் சொல்தான்.

ஆண்டு விற்பனை ரூ.1.5 கோடிக்குள் உள்ள வியாபாரி இம்முறையில் சேர்ந்து, வரிக்குரிய விற்பனையில் 1 சதவீதம் கட்டலாம். (2019 ஏப்ரலுக்கு முன் இவ்வரம்பு ரூ.1 கோடி.) இதைப் பலரும் 'சலுகை வரி' என்று எடுத்துக்கொண்டு, பில்லில் 1 சதவீதம் சேர்த்து வாடிக்கையாளரிடம் வாங்கிவிடுகிறார்கள். சொல்லின் பொருள் தெரிந்தால் இது நேராது. தீர்த்துக்கொள்வது கடைக்காரருக்கும் அரசுக்கும் இடையில். வாடிக்கையாளருக்கு அதில் இடமில்லை. அப்படி வரி என்று வாங்கிய பணத்தையும் அரசுக்குக் கட்டவேண்டும், அபராதம் வேறு.

கொள்முதலில் கட்டிய வரியையும் கழிக்க முடியாது. ரூ.100 மிளகாய்த்தூளுக்கு 5 சதவீதம் சேர்த்தால் அடக்கம் ரூ.105. அதை ரூ.112-க்கு விற்றால் ரூ.1.12 நம் கையிலிருந்து போகும். மிச்சம் ரூ.5.88. ரூ.12 லாபம் என்று நினைத்து விலை வைத்தால் கட்டுப்படி ஆகாது.

நமது பகுதிக்கு இன்னொன்று முக்கியம். ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் பக்கம் விவசாயியிடம் உடைக்காத முந்திரிக்கொட்டை வாங்குவோரும், பெரம்பலூர் பக்கம் பருத்தி வாங்குவோரும் கவனிக்கவும். பதிவு பெற்ற வியாபாரி இவற்றை விவசாயியிடம் நேரடியாக வாங்கினால் 5 சதவீத வரியை வாங்குபவரே கட்டவேண்டும். காம்போசிஷனில் இருப்பதால் அது 1 சதவீதமாகக் குறையாது, கழிவும் கிடையாது. வாங்கிய சரக்கை வெளிமாநிலத்துக்கு விற்கவும் கூடாது. இப்படிப்பட்ட வியாபாரம் கணிசமாக உள்ளவருக்குச் சாதாரண முறையே மேல் என்பது என் கருத்து.

காம்போசிஷனில் உள்ளவர் கொடுப்பது வரிப் பட்டியல் அல்ல, 'பில் ஆஃப் சப்ளை'. வரி வசூலிக்கத் தகுதியில்லாதவர் என்ற வாசகம் அதன் தலைப்பில் இருக்கவேண்டும். கடைப் பெயர்ப்பலகையிலும் காம்போசிஷன் வணிகர் என்று எழுதி வைக்கவேண்டும்.