குடாவுக்குள் அலை எங்கே போகிறது?

நெய்வேலி நகரியத்தாருக்குக் கடல் என்றால் கடலூர்தான். ஞாயிற்றுக்கிழமை மாலை தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையில் கால் நனைத்துவிட்டு, செருப்பில் மணலோடு தங்கள் குடியிருப்பு வட்டத்துக்குத் திரும்புவார்கள். அங்கே அலை ஓய்ந்து யாரும் பார்த்ததில்லை. ஆனால் இரவு கைப்பேசியைத் திறந்தால் வேறொரு கடல் தெரிகிறது. குன்றுகள் சூழ்ந்த குடா, ஒரு சுருக்கம்கூட இல்லாத தண்ணீர், நடுவில் பாய் இறக்கி நிற்கும் வெள்ளை யாட் படகு. அந்தக் காணொளிக்கு ‘யாருமறியாச் சொர்க்கம்’ என்று ஒரு தலைப்பு. இதுவும் கடல், அதுவும் கடல் என்றால் அங்கே மட்டும் அலை எங்கே போனது?

சொர்க்கத்தை ஒதுக்கிவிடலாம். யாட் நுழைந்த குடா எதுவும் யாருமறியாதது அல்ல. ஆழம் குறித்த கடல் வரைபடத்தில் அது பெரும்பாலும் எப்போதோ ஏறியிருக்கும், இல்லாவிட்டால் கேப்டன் உள்ளே விடத் தயங்குவார். கேள்வி மட்டும் நியாயமானது. அதற்குப் பதில் தேட மத்தியதரைக் கடல்வரை போகவேண்டியதில்லை. கடலூரிலிருந்து தெற்கே, வரைபடத்தில் நேர்க்கோடு போட்டால் ஏறக்குறைய 400 கிலோமீட்டரில் திருகோணமலை இருக்கிறது. யாட்டுகள் இலங்கைக்குள் நுழைய அனுமதி பெறும் துறைமுகங்களில் அதுவும் ஒன்று. அதன் உட்துறைமுகத்தின் நீர்ப்பரப்பு சுமார் 1,630 ஹெக்டேர். நுழைவாயிலின் அகலமோ 500 மீட்டர் அளவுதான். அந்த வாயும் நேரே வங்கக் கடலைப் பார்க்காமல் கொட்டியாரக் குடாவுக்குள் திறக்கிறது.

சுற்றிலும் நிலம் இருப்பதால் அலை வருவதில்லை என்பது பாதிப் பதில். வாய் திறந்துதானே இருக்கிறது? அதன் வழியே அலை உள்ளே வரத்தான் செய்கிறது. வந்தபின் அதற்கு நேர்வதுதான் வேடிக்கை.

நெய்வேலிச் சுரங்கத்தில் ஷிப்ட் முடிந்து சங்கு ஊதியதும் வாசலில் நடப்பதை நினைத்துப் பார்க்கலாம். வாசல்வரை தோளோடு தோள் உரசும் கூட்டம். வாசலைத் தாண்டியதும் ஓரத்தில் இருப்பவர்கள் பக்கவாட்டில் கழன்றுகொள்கிறார்கள். ஒருவர் இடப்பக்கச் சாலை, இன்னொருவர் வலப்பக்கம், நடுவில் வந்தவர்கள் நேரே. ஆளில் ஒருவரும் குறையவில்லை, ஆனால் அரை கிலோமீட்டர் தள்ளி நின்று பார்த்தால் அங்கொருவர் இங்கொருவர்தான். அலையின் முகடும் இப்படியே வாயைக் கடக்கிறது. கடந்ததும் அதன் இரு முனைகளையும் ஒட்டி அமைதியான, தாழ்ந்த நீர் இருக்கிறது. உயர்ந்த நீர் தாழ்ந்த பக்கம் சரியாமல் இருக்குமா? சரிகிறது. முனைகளில் ஆற்றல் பக்கவாட்டில் கசிய, நேர்க்கோடாக நுழைந்த முகடு வில்லாக வளைந்து, விரிந்து, மெலிகிறது. வழியில் டீக்கடையில் ஒதுங்குபவர்களும் உண்டு. அவர்களை ஆழமற்ற தரையில் உராய்ந்து ஆற்றலை இழக்கும் அலைகளாகக் கொள்ளலாம்.

கணக்கும் எளிது. அலையின் ஆற்றல் அதன் உயரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 500 மீட்டர் முகடு அரைவட்டமாக விரிந்து 8,000 மீட்டர் நீளமானால், ஒவ்வொரு மீட்டருக்கும் கிடைக்கும் ஆற்றல் பதினாறில் ஒரு பங்கு. உயரமோ நான்கில் ஒரு பங்கு. வாயில் இரண்டு மீட்டர் இருந்த அலை, சுமார் இரண்டரைக் கிலோமீட்டர் உள்ளே அரை மீட்டராகிவிடும். இது ஆற்றல் எல்லாத் திசையிலும் சமமாகப் பரவும் என்று வைத்துப் போட்ட கணக்கு. உண்மையில் வாய்க்கு நேரெதிரே சற்றுக் கூடுதலாகவும், பக்கவாட்டு மூலைகளில் இன்னும் குறைவாகவும் இருக்கும். நங்கூரம் போட மூலைகள் ஏற்றவை என்பது இதனால்தான்.

திருகோணமலையில் கடல் தரையும் கைகொடுக்கிறது. கொட்டியாரக் குடாவிலிருந்து கடலுக்குள் ஒரு பெரும் பள்ளத்தாக்கு இறங்குகிறது. வெளியே அதன் ஆழம் 3,000 மீட்டரைத் தாண்டும்.  பத்து விநாடிக்கு ஒருமுறை வரும் அலை ஆழ்கடலில் மணிக்கு 56 கிலோமீட்டர் வேகத்தில் போகும். ஐந்து மீட்டர் ஆழத்தில் அது சுமார் 24 ஆகிவிடும். ஆகவே பள்ளத்தாக்குக்கு மேலே முகடு முந்திக்கொள்ள, இருபுறத்து ஆழமற்ற பகுதியில் பின்தங்குகிறது. வேகம் குறைந்த பக்கம் திரும்புவது அலையின் இயல்பு. எனவே பள்ளத்தாக்கின் மேல் வரும் ஆற்றல் இருபுறமும் பிரிந்துபோய், அதன் தலைமாட்டில் கடல் தணிகிறது. பிரிந்த ஆற்றல் எங்காவது சேரத்தானே வேண்டும்? போர்ச்சுகலின் நசாரேயில் அப்படிச் சேரும் இடத்தில்தான் மாடி வீடுகளை மிஞ்சும் அலைகளில் சறுக்குகிறார்கள்.

வரலாறும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். சோழமண்டலக் கரையில் ஒதுங்க ஒரு குடா இல்லாததால் வாடைக்காலத்தில் கப்பல்கள் கரையை விட்டே ஓடின. வாடைக்காலம் அல்லாத 1749 ஏப்ரலில்கூட, அடித்த புயலில் கடலூர்ப் பக்கம் நின்றிருந்த ‘நாமூர்’ போர்க்கப்பல் மூழ்கி ஐநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஒதுங்க இடமுள்ள திருகோணமலையை 1782 ஜனவரியில் ஆங்கிலேயர் பிடித்தார்கள், ஆகஸ்ட் இறுதியில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரான் பறித்தார். உலகிலேயே சிறந்த துறைமுகம் இது என்று பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சன் சொன்னதாகச் சுற்றுலா ஏடுகள் எழுதும். எங்கே, எப்போது சொன்னார் என்பதை அவை எழுதுவதில்லை.

கடலூருக்கு ஏன் இந்தக் கொடுப்பினை இல்லை? திருகோணமலை பழைய கடினப் பாறை. கடலூர், பெண்ணையாறும் கெடிலமும் கொண்டுவந்து கொட்டிய மண்.  அப்படியே ஒரு குடா உருவானாலும் கடல் விட்டுவைக்காது. சாய்வாக வந்து மோதும் அலைகள் ஆண்டுக் கணக்கில் பார்த்தால் மணலை வடக்கே நகர்த்திக்கொண்டே இருக்கின்றன. சென்னைத் துறைமுகத்துக்கு 1876 முதல் அலைதடுப்புச் சுவர் கட்டியபோது தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரித்தது. இந்தக் கரையில் எந்தப் பள்ளமும் தூர்ந்து நேராகிவிடும்.

இனி, காணொளிகள் காட்டாத ஒன்று. ஷிப்ட் வாசல் உவமை இங்கே காலை வாருகிறது. நெய்வேலியில் நீளமான பஸ்தான் திரும்பச் சிரமப்படும்; கடலில் நீளமான அலைதான் வாயோரத்து நிலமுனையைச் சுலபமாகச் சுற்றி வரும். காற்று கிளப்பும் குட்டை அலைகள் முனைக்கு அப்பாலேயே நின்றுவிட, ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் பிறந்த நீண்ட அலை சத்தமில்லாமல் வளைந்து உள்ளே வருகிறது. கண்ணுக்குச் சட்டென்று தெரியாத அளவு தாழ்வுதான். இன்னும் நீளமானதென்றால் சுனாமி: 2004 டிசம்பர் 26 அன்று குடா உள்ள திருகோணமலை மாவட்டத்தையும் குடா இல்லாத கடலூர் மாவட்டத்தையும் அது தாக்கியது.

நங்கூரமிட்ட யாட் காற்றைப் பார்த்தபடி நிற்கும். அந்த நீண்ட அலையோ காற்றோடு சம்பந்தமில்லாமல் பக்கவாட்டில் வந்து மோதும். அலையின் தாளமும் படகு ஆடும் தாளமும் ஒத்துப்போனால், முழங்கால் உயர அலைகூட இரவெல்லாம் படகைத் தொட்டிலாட்டிவிடும். தட்டு உருளும், வயிறு புரளும். இதற்கு மாலுமிகளிடம் உள்ள வைத்தியம், பின்பக்கமும் ஒரு நங்கூரம் இறக்கி, படகின் மூக்கை அலைக்கு நேரே திருப்பிக் கட்டுவது. அடுத்த காணொளியில், வேறு படகே இல்லாத குடாவில் நிற்கும் யாட்டின் பின்புறத்திலிருந்து ஒரு கயிறு நீருக்குள் இறங்கினால், முந்தின இரவு அதில் யாரும் சரியாகத் தூங்கியிருக்க மாட்டார்கள்.