வண்டி ஏன் நின்றது? – ஒரு பத்மினி காரின் கதை



மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலம். முன்னால் பேண்டு செட், பின்னால் பூ ஜோடித்த பழைய பிரீமியர் பத்மினி கார். உள்ளே மாப்பிள்ளை. வண்டி பத்தடி போகும், நிற்கும். மறுபடி பத்தடி. மூன்றாவது தடவை நின்றபோது இன்ஜினும் நின்றுவிட்டது. செல்ஃப் அடித்துப் பார்த்தும் பிடிக்கவில்லை. கடைசியில் மாப்பிள்ளைத் தோழர்களே மண்டபம் வரை தள்ளிக்கொண்டு போனார்கள். "நல்ல காரியத்துல வண்டி நின்னுபோச்சே" என்று ஒரு பாட்டி சொன்னது டிரைவர் சீட்டில் இருந்தவர் காதில் விழுந்தது. மறுநாளே, அடுத்த முகூர்த்தத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தவர் வந்து பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

டிரைவர் சீட்டில் இருந்தவர் என் தாய்மாமா. கார் அவருடையது, 1986 மாடல். நான் பாலிடெக்னிக்கில் சேர்ந்தபோது கட்டிய பீஸ் அந்தக் காரின் கல்யாண வாடகையில் வந்தது. அதனால் இது எனக்கு வெறும் ரிப்பேர் இல்லை.

பத்மினி நம் ஊருக்குப் புதிதல்ல. ஃபியட் 1100 என்ற இத்தாலியக் காரை வைத்து 1964-லிருந்து பம்பாயில் செய்த வண்டி. பத்மினி என்ற பெயர் 1974-ல் வந்தது. 1089 சி.சி., நான்கு சிலிண்டர், ஸ்டியரிங் பக்கத்திலேயே கியர். பம்பாயில் டாக்ஸியாக ஓடிய கடைசி பத்மினியும் 2023 அக்டோபரில் நின்றது. இங்கே இப்போது கல்யாணத்துக்கும் போட்டோ எடுக்கவும்தான் கூப்பிடுகிறார்கள்.

ஸ்லோ நிக்கல!

மெக்கானிக்குகள் இந்த நோயை "ஸ்லோ நிக்கல" என்பார்கள். புத்தகத்தில் ஐடிலிங் கோளாறு. ஆக்ஸிலேட்டரில் கால் வைக்காதபோது இன்ஜின் 800 ஆர்.பி.எம். அளவில் தானாகவே ஓட வேண்டும். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் ஆகையால், அந்த வேகத்தில் ஒவ்வொரு சிலிண்டரும் நிமிடத்துக்கு 400 தடவை எரிய வேண்டும். நாலும் சேர்த்தால் 1600. இதில் கொஞ்சம் தவறினாலும் இன்ஜின் உதறும், பிறகு நின்றுவிடும்.

ஐடிலிங்கில் கார்புரேட்டரின் த்ராட்டில் தகடு ஏறக்குறைய மூடியே இருக்கும். மெயின் ஜெட்டில் பெட்ரோல் வராது. த்ராட்டிலுக்குக் கீழே மேனிஃபோல்டில் உண்டாகும் வெற்றிடம், ஐடில் ஜெட் வழியாக ஒரு சின்ன ஓட்டையிலிருந்து பெட்ரோலை இழுக்கும். எவ்வளவு கலவை வரலாம் என்பதை மிக்ஸர் ஸ்க்ரூ தீர்மானிக்கும். இவ்வளவுதான் விஷயம். ஆனால் இந்தச் சின்ன வழியில் எது கெட்டாலும் கோளாறு ஒரே மாதிரிதான் தெரியும். அங்கேதான் எல்லாரும் ஏமாறுகிறோம்.

மூன்று பேர், மூன்று வைத்தியம்

மாமா ஏற்கெனவே மூன்று பேரிடம் காட்டியிருந்தார். முதல் ஆள் பிளக், பாயிண்ட், கண்டென்சர் மூன்றையும் மாற்றினார். இரண்டாவது ஆள் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி ரிப்பேர் கிட் போட்டார். மூன்றாவது ஆள் த்ராட்டில் ஸ்க்ரூவைத் திருகி ஸ்பீடை ஏற்றிவிட்டார். வண்டி நிற்கவில்லை, ஆனால் ஊர்வலத்தில் ஃபர்ஸ்ட் கியரில் பேண்டு வாசிப்பவர்களை இடிக்கப் பார்த்தது! மாமா கிளட்சை மிதித்தே ஓட்டி, கிளட்ச் நாறியது. "பெட்ரோல்ல எத்தனால் கலக்குறான், அதான்" என்றும் சிலர் சொன்னார்கள். மொத்தம் ரூ. 6,400 போயிற்று.

யார் மேலும் தப்பு சொல்ல நான் வரவில்லை. மூன்று பேரும் பாகத்தை மாற்றினார்கள். எது கெட்டது என்று யாரும் தேடவில்லை.

ஒரு நேரத்தில் ஒன்று

எங்கள் ஒர்க்‌ஷாப் சார் எப்போதும் சொல்வார்: "ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, நோட்டில் எழுது." அரைப் பரீட்சை லீவில் நோட்டும் கையுமாக உட்கார்ந்தேன்.

முதலில் நோய்க் குறிகளை எழுதினேன். காலையில் சோக் போட்டு ஸ்டார்ட் செய்தால் நன்றாக ஓடுகிறது. சூடானபின் சோக்கைத் தள்ளினால் உதறி நிற்கிறது. கொஞ்சம் சோக் இழுத்தால் மறுபடி பிடிக்கிறது. ரோட்டில் 50 கி.மீ. வேகத்தில் ஒரு குறையும் இல்லை.

அடுத்து, இன்ஜின் ஓடும்போது பிளக் ஒயரை இன்சுலேட்டட் பிளையரால் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன். (வெறுங்கையால் தொடாதீர்கள், நான் முதலில் தொட்டு வாங்கினேன்!) கழற்றும்போது ஸ்பீடு குறையாத சிலிண்டர் இருந்தால் அதுதான் வேலை செய்யாத சிலிண்டர். இங்கே நாலிலும் ஒரே அளவு குறைந்தது. ஆகவே ஒரு பிளக், ஒரு வால்வு சம்பந்தப்பட்ட கோளாறு இல்லை. நாலுக்கும் பொதுவான இடத்தில் தேட வேண்டும்.

பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் நாலும் வெளுப்பு. கறுப்புக் கரி இருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் காற்று அதிகம். சோக் இழுத்தால் சரியாவதும் இதையேதான் சொல்கிறது. ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் சுமார் 14.7 பங்கு காற்று தேவை. எத்தனாலுக்கு 9 பங்கே போதும். ஆகவே எத்தனால் கலந்த பெட்ரோலில் பழைய கார்புரேட்டர் சற்று லீனாக ஓடும் என்பது உண்மைதான். ஆனால் ஒரு வண்டியை நிறுத்தும் அளவுக்கா?

பெட்ரோல் குறைகிறதா என்று ஐடில் ஜெட்டைக் கழற்றி பம்பால் ஊதினேன். (கம்பி விட்டுக் குத்தக் கூடாது, ஓட்டை பெரிதாகிவிடும்.) சுத்தமாகவே இருந்தது. மிச்சம் இருந்தது ஒன்றுதான். எங்கேயோ ஏர் வாங்குகிறது!

ஆயில் கேனை எடுத்து, ஓடும் இன்ஜினில் கார்புரேட்டரும் மேனிஃபோல்டும் சேரும் இடத்தில் சொட்டு சொட்டாக விட்டேன். (பெட்ரோல் விட்டுப் பார்ப்பவர்கள் உண்டு. தீப்பிடிக்கும், வேண்டாம்.) ஒரு பக்கம் ஆயில் பட்டதும் உதறல் நின்று இன்ஜின் சீராக ஓடியது. ஆயில் உள்ளே இழுபட்டதும் மறுபடி உதறல். மாமா பானட்டைப் பிடித்துக்கொண்டு, "மாப்ள, அங்கயே இன்னொரு தடவ விடுடா" என்றார்.

குற்றவாளி யார்?

கார்புரேட்டரைக் கழற்றி அதன் அடிப்பட்டையில் ஸ்டீல் ஸ்கேலை வைத்தேன். நடுவே வெளிச்சம் தெரிந்தது. பட்டை இரண்டு பக்கமும் வளைந்திருந்தது. அதைப் பிடிப்பவை இரண்டே ஸ்டட். நட்டை அளவுக்கு மீறி முறுக்கினால் காது இரண்டும் கீழே இழுபட்டு நடுவில் இடைவெளி விழும். அந்த வழியாகக் கணக்கில் வராத காற்று நுழையும். வேகமாகப் போகும்போது இன்ஜின் குடிக்கும் காற்று ஏராளம், இந்தக் கசிவு அதில் ஒன்றுமில்லை. ஐடிலிங்கிலோ குடிப்பதே கொஞ்சம், அதில் இது பெரிய பங்கு. காலையில் சோக்கின் கூடுதல் பெட்ரோல் இந்தக் குறையை மறைத்துவிடும். நோட்டில் எழுதிய எல்லாக் குறிகளுக்கும் ஒரே பதில் கிடைத்தது.

முறுக்கியது யார்? கழற்றி மாட்டிய ஒவ்வொருவரும் கொஞ்சம் கொஞ்சம். அதில் நானும் ஒருவன். முதல் வருட லீவில், "டிப்ளமோ படிக்கிற பையன் பாக்குறான்" என்று மாமா தெருவெல்லாம் சொல்ல, கார்புரேட்டரைக் கழற்றித் துடைத்து, லூஸாகக் கூடாதென்று நீள ஸ்பேனர் போட்டு முழு பலத்தோடு முறுக்கியவன் நான்தான். இதை மாமாவிடம் சொல்ல ஒரு நாள் முழுதும் தயங்கினேன். சொன்னபோது அவர், "முறுக்குனதும் நீ, கண்டுபிடிச்சதும் நீ. சரியாப் போச்சு" என்றார்.

சரி செய்த விதம்

தடித்த கண்ணாடி மேல் எமரி ஷீட்டை விரித்து, பட்டையில் பென்சிலால் கோடுகள் போட்டு, எட்டு வடிவில் தேய்த்தேன். எல்லாக் கோடும் அழிந்தால் பட்டை சமமாகிவிட்டது என்று அர்த்தம். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. தூளெல்லாம் போகக் கழுவி, புதுப் பேக்கிங் போட்டு, இரண்டு நட்டையும் சின்ன ஸ்பேனரால் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினேன். இன்ஜின் சூடானபின் ஸ்பீடைக் குறைத்து, மிக்ஸர் ஸ்க்ரூவை இன்ஜின் சீராக ஓடும் இடத்தில் நிறுத்தினேன். இந்த ஸ்க்ரூவையும் இறுக்கி உட்கார வைக்கக் கூடாது, முனையில் பள்ளம் விழும். பேக்கிங்குக்கும் எமரி ஷீட்டுக்கும் சேர்த்துச் செலவு ரூ. 140.

தை மாத முகூர்த்தத்தில் நானும் வண்டியில் போனேன். பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபம் வரை ஒன்றே கால் மணி நேரம், வண்டி நிற்கவே இல்லை. அட்வான்ஸைத் திருப்பி வாங்கியவர் மட்டும் இன்னும் வரவில்லை. வருவார் என்று மாமா சொல்கிறார்.

நண்பர்களே, நாளைக்கு நாமும் ஒர்க்‌ஷாப்பில் நிற்போம். வண்டி கொண்டு வருபவர் ஒரு வேளை தன் பிழைப்பையே கொண்டு வருவார். ஸ்பேனரை எடுக்கும் முன் நோட்டை எடுப்போம். கோளாறு இருக்கும் இடத்தைக் கண்டபின் பாகத்தை மாற்றுவோம். நட்டை வேண்டிய அளவுக்கு மட்டும் முறுக்குவோம்.



– மூன்றாம் ஆண்டு மாணவன், ஆட்டோமொபைல் பிரிவு