கைக்கு ஏற்ற கைத்துப்பாக்கி

1938ஆம் ஆண்டு. ஹங்கேரி நாட்டின் தலைசிறந்த பிஸ்டல் வீரர்களுள் ஒருவரான காரொய் தகாச், இராணுவப் பயிற்சியில் ஈடுபட்டிருந்தார். அப்போது அவருடைய கையிலேயே ஒரு கையெறி குண்டு வெடித்துவிட்டது. அவர் சுடுவதற்குப் பயன்படுத்தி வந்த வலக் கை சிதைந்து போயிற்று. வேறொருவராக இருந்தால் பழைய பதக்கங்களைப் பார்த்துப் பெருமூச்சு விட்டிருப்பார். தகாச் யாருக்கும் தெரியாமல் இடக் கையால் சுடப் பழகத் தொடங்கினார். பத்து ஆண்டுகள் கழித்து, 1948இல் இலண்டன் ஒலிம்பிக் போட்டியில், 25 மீட்டர் விரைவுச் சுடுதலில் 600 புள்ளிகளுக்கு 580 பெற்று உலக சாதனையுடன் தங்கம் வென்றார். 1952இல் ஹெல்சிங்கியில் மீண்டும் அதே பதக்கம் அவருக்கே கிடைத்தது.

மன உறுதிக்கு எடுத்துக்காட்டாக இந்நிகழ்ச்சியைப் பலரும் சொல்வதுண்டு. வாசக நண்பர்களே, நாம் இதிலிருந்து ஓர் அறிவியல் கேள்வியை எழுப்புவோம். குண்டைச் செலுத்துவது துப்பாக்கிதானே? அப்படியிருக்க, எந்தக் கை பிடித்தால் என்ன? கை மாறினால் எல்லாவற்றையும் முதலிலிருந்து கற்க வேண்டியிருப்பது ஏன்?

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உள்ள சுடுதளங்களில் துப்பாக்கிப் பிரியர்கள் கூடினால் மூன்று வாதங்கள் தவறாமல் நடக்கும். எந்தப் பிஸ்டல் சிறந்தது? எது சிக்கிக்கொள்ளாமல் சுடும்? கைப்பிடியை எப்படி மாற்றிக்கொள்வது? ஒருவர் கோல்ட் 1911 என்பார்; இன்னொருவர் ஜெர்மானிய லூகர் என்பார்; மூன்றாமவர் இரண்டையும் ஒதுக்கிவிட்டுப் பழைய ரிவால்வரே போதும் என்பார். வாதம் முடிவதே இல்லை. காரணம், மூன்றும் ஒரே கேள்வியின் மூன்று முகங்கள். பிடிக்கும் கையும் அந்த எந்திரத்தின் ஓர் உறுப்பு என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

ஆயிரத்தில் ஒரு நொடி

தேசிய மாணவர் படையில் சேர்ந்து ரைஃபிள் சுட்டவர்களுக்குத் துப்பாக்கியின் உதைப்பு எப்படிப்பட்டது என்று தெரிந்திருக்கும். ஒவ்வொரு வினைக்கும் சமமான எதிர்வினை உண்டு என்னும் நியூட்டனின் மூன்றாம் விதிதான் அங்கே வேலை செய்கிறது. குண்டு முன்னே பாய்ந்தால் துப்பாக்கி பின்னே உதைக்கும்.

எவ்வளவு உதைக்கும்? ஒரு சிறு கணக்குப் போடுவோம். கோல்ட் 1911 பிஸ்டலின் குண்டு சுமார் 15 கிராம் எடையுள்ளது. அது நொடிக்கு சுமார் 250 மீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது. நிறையை வேகத்தால் பெருக்கினால் உந்தம் 3.75 அலகு. துப்பாக்கியின் எடை ஏறத்தாழ 1.1 கிலோகிராம். அப்படியானால் அது நொடிக்கு 3.4 மீட்டர் வேகத்தில் பின்வாங்க முனையும். குண்டோடு வெளியேறும் வாயுக்களின் பங்கைச் சேர்த்தால் இது இன்னும் சற்றுக் கூடும். போட்டிகளில் பயன்படும் 10 மீட்டர் காற்றுப் பிஸ்டலிலோ குண்டு அரை கிராம்தான். வேகம் நொடிக்கு சுமார் 150 மீட்டர். ஒரு கிலோகிராம் எடையுள்ள அந்தப் பிஸ்டல் நொடிக்கு ஏழரை சென்டிமீட்டர் வேகத்தில் மெல்ல அசையும், அவ்வளவே.

இனி இன்னொன்றைக் கவனியுங்கள். குண்டு செல்லும் குழல் மேலே இருக்கிறது. அதைத் தாங்கும் கை கீழே இருக்கிறது. ஆகவே உதைப்பு நேராகப் பின்னால் வராமல், மணிக்கட்டை அச்சாகக் கொண்டு துப்பாக்கியின் மூக்கை மேலே தூக்குகிறது. குழல் கைக்கு எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அந்த அளவுக்குத் தூக்கலும் அதிகம். கைப்பிடியை எட்டும் மட்டும் உயரத்தில் பிடிக்க வேண்டும் என்று பயிற்சியாளர்கள் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

டிரிக்கரை அழுத்திய பிறகு கையை இறுக்கிச் சமாளித்துக்கொள்ளலாமே என்று நீங்கள் கேட்கலாம். முடியாது. குண்டு குழலைக் கடக்க ஆகும் நேரம் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு நொடி. நம் உடல் ஒன்றை உணர்ந்து அதற்கு எதிர்வினை காட்ட நொடியில் ஆறில் ஒரு பங்காவது வேண்டும். நாம் உணர்வதற்குள் குண்டு இலக்கை நோக்கிப் பறந்துவிடுகிறது. ஆனால் அந்த ஆயிரத்தில் ஒரு நொடியிலேயே துப்பாக்கி ஓரிரு மில்லிமீட்டர் பின்னகர்ந்து, சற்றே மேலெழுந்தும் விடுகிறது. ஆகவே முன்னரே கை எப்படிப் பிடித்திருந்ததோ அதுதான் குண்டின் வழியைத் தீர்மானிக்கிறது. பிடி ஒவ்வொரு முறையும் ஒன்றாக இருந்தால் குண்டுகளும் ஓரிடத்தில் விழும். பிடி மாறினால் அவையும் சிதறும்.

உதைப்பே எந்திரத்தை ஓட்டுகிறது

ரிவால்வரில் தோட்டாக்கள் ஒரு சுழலும் உருளையில் இருக்கும். டிரிக்கரை இழுக்கும் விரலின் ஆற்றலே உருளையைச் சுழற்றிவிடும். ஒரு தோட்டா வெடிக்காமல் போனாலும் கவலை இல்லை. மீண்டும் இழுத்தால் அடுத்த தோட்டா வந்து நிற்கும். ரிவால்வர் பிரியர்கள் தங்கள் கட்சிக்குச் சொல்லும் முதல் சான்று இதுதான்.

1911 போன்ற பிஸ்டலில் கதை வேறு. குழலின் மேல் உருக்கினாலான உறை ஒன்று முன்னும் பின்னும் நகரும். இதை ‘ஸ்லைடு’ என்பார்கள். தோட்டா வெடித்ததும் உள்ளே உண்டாகும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஆயிரம் மடங்குக்கும் அதிகம். அந்த நிலையில் குழலின் பின்புறம் திறந்துகொண்டால் ஆபத்து. எனவே குழலும் ஸ்லைடும் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு சிறிது தூரம் சேர்ந்தே பின்வாங்குகின்றன. அதற்குள் குண்டு வெளியேறி அழுத்தமும் தணிந்துவிடும். பிறகு குழலின் பின்பகுதி கீழிறங்கிப் பூட்டு விடுபடுகிறது. ஸ்லைடு மட்டும் தொடர்ந்து பின்னே ஓடுகிறது. போகிற போக்கில் வெற்றுக் கூட்டைக் கவ்வி வெளியே எறிகிறது; ஒரு சுருள்வில்லை அமுக்குகிறது. அமுங்கிய வில் நிமிர்ந்து ஸ்லைடை முன்னே தள்ளும்போது புதிய தோட்டா குழலுக்குள் ஏறுகிறது. இமைப்பொழுதில் இத்தனையும் முடிந்துவிடும். இந்த அமைப்பை வகுத்தவர் ஜான் பிரௌனிங் என்னும் அமெரிக்கர்.

வீணாகப் போக வேண்டிய உதைப்பையே வேலை வாங்கிவிட்டார் பிரௌனிங். ஆனால் இங்கே ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. ஸ்லைடு பின்னே ஓடும்போது அதைத் தாங்கும் சட்டம் அசையாமல் நிற்க வேண்டும். தளர்வாகக் கிடக்கும் பலகையில் ஆணி அடித்துப் பாருங்கள். சுத்தியல் படும்போது பலகையும் கூடவே ஒதுங்குவதால் ஆணி இறங்காது. அதுபோலவே மணிக்கட்டு தளர்ந்திருந்தால் சட்டமும் ஸ்லைடோடு சேர்ந்து பின்னே போய்விடுகிறது. சுருள்வில் முழுமையாக அமுங்குவதில்லை. வெற்றுக் கூடு வெளியேறாமல் வாயிலிலேயே சிக்கிக்கொள்கிறது. ஒருவர் கையில் ஒழுங்காகச் சுடும் பிஸ்டல் இன்னொருவர் கையில் அடிக்கடி சிக்கிக்கொள்வதன் காரணங்களுள் இது ஒன்று. பிளாஸ்டிக் வகைப் பொருளால் சட்டம் அமைந்த இலேசான பிஸ்டல்களில் கையின் பொறுப்பு இன்னும் கூடுதல். 1982இல் ஆஸ்திரிய இராணுவம் ஏற்றுக்கொண்ட கிளாக் இத்தகையது. எடை குறைந்தால் பின்வாங்கும் வேகம் கூடுமல்லவா?

ஆறாயிரம் தோட்டாக்கள்

“என் பிஸ்டல் 300 தோட்டாக்கள் சுட்டும் ஒரு முறைகூடச் சிக்கவில்லை” என்று ஒருவர் பெருமையாகச் சொல்கிறார். இதை எவ்வளவு தூரம் நம்பலாம்? நிகழ்தகவுக் கணிதம் விடை தருகிறது. நூற்றுக்கு ஒரு முறை சிக்கும் இயல்புடைய பிஸ்டல் ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு முறை சிக்காமலிருக்கும் வாய்ப்பு 0.99. தொடர்ந்து 100 முறையும் சிக்காமலிருக்கும் வாய்ப்பு 0.99ஐ 100 தடவை பெருக்கி வருவது. அது சுமார் 0.37. முந்நூறு முறைக்கு 0.05. அதாவது இப்படிப்பட்ட குறையுள்ள பிஸ்டல்கள் இருபதில் ஒன்று, 300 தோட்டாக்களையும் குறையின்றிச் சுட்டுவிடும்! ஆகவே 300 முறை தவறவில்லை என்பதிலிருந்து, நூற்றுக்கு ஒன்றைவிட மோசமாக இருக்க வாய்ப்பில்லை என்றுதான் ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். அதற்கு மேல் சொல்ல முடியாது. நினைவில் வைக்க எளிய வழி ஒன்று உண்டு. சோதனை எண்ணிக்கையை மூன்றால் வகுத்தால் வரும் எண்ணுக்கு ஒன்று என்பதே தவற்றின் மேல் வரம்பு.

1911இல் அமெரிக்க இராணுவம் புதிய பிஸ்டலைத் தேர்ந்தெடுக்கச் செய்த சோதனை இந்த வகையில் புகழ்பெற்றது. போட்டியிட்ட பிஸ்டல்களிலிருந்து ஆறாயிரம் தோட்டாக்களைச் சுட்டுப் பார்த்தார்கள். பிரௌனிங் வகுத்த கோல்ட் பிஸ்டல் ஒரு முறைகூடத் தவறாமல் தேறியது. அவ்வாண்டு மார்ச் 29ஆம் நாள் அது இராணுவத்தின் பிஸ்டலாக ஏற்கப்பட்டது. 1985 வரை அந்த இடத்தை அது இழக்கவில்லை. ஆறாயிரத்தை மூன்றால் வகுத்துப் பாருங்கள். இரண்டாயிரத்துக்கு ஒன்று! உயிரை நம்பி ஒப்படைக்கும் கருவிக்கு இத்தனை பெரிய சோதனை ஏன் தேவைப்பட்டது என்பது இப்போது விளங்கும்.

மரத்தில் செதுக்கிய கை

ஆனால் இத்தனை நம்பகமான 1911ஐயும் பிறகு திருத்த வேண்டியிருந்தது. எதைத் திருத்தினார்கள் தெரியுமா? சுடும் பொறியை அல்ல. கை படும் இடங்களை. டிரிக்கர் சிறிய கைகளுக்கு எட்டாமல் இருந்தது. 1920களில் டிரிக்கரைக் குட்டையாக்கினார்கள். அதன் பின்புறம் விரல் படியுமாறு சட்டத்தைச் சற்றுக் குடைந்தார்கள். கைப்பிடியின் முதுகை உள்ளங்கைக்கு ஏற்றபடி புடைக்கச் செய்தார்கள்.

நீங்களே ஒரு சோதனை செய்து பாருங்கள். சுவரில் ஒரு புள்ளியைப் பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு, ஒரு சிறு குச்சியைப் பிடித்த கையை அதை நோக்கி நீட்டுங்கள். பிறகு கண்ணைத் திறந்து பாருங்கள். குச்சி புள்ளிக்கு மேலோ கீழோ சாய்ந்திருக்கும். மணிக்கட்டு தனக்கு இயல்பான கோணத்திலேயே நிற்கும். லூகர் பிஸ்டலின் கைப்பிடி மிகவும் சாய்வானது. 1911இன் கைப்பிடி அதைவிட நிமிர்ந்தது. ஒன்றில் பழகியவர் மற்றதை எடுத்தால் குறி மேலும் கீழுமாகத் தவறுவதும், தமக்குப் பழகியதே சிறந்தது என்று இருவரும் சாதிப்பதும் இதனால்தான்.

போட்டித் துப்பாக்கிகளில் இந்தப் பொருத்தம் உச்சத்துக்குப் போகிறது. 10 மீட்டர் போட்டியில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர், நம் சட்டைப் பொத்தான் அளவுதான். துப்பாக்கியின் முன் குறிமுள்ளுக்கும் பின் குறிப்பள்ளத்துக்கும் இடைவெளி 30 சென்டிமீட்டர் என்று கொள்வோம். முன் முள் ஒரு மில்லிமீட்டர் விலகினால் இலக்கில் குறி 33 மில்லிமீட்டர் விலகும். வட்டத்தின் நடுவிலிருந்து விளிம்புக்கு உள்ள தூரம் 6 மில்லிமீட்டருக்கும் குறைவு. ஆகவே முள் 0.17 மில்லிமீட்டருக்கு மேல் பிசகக் கூடாது. இது தடித்த தலைமயிர் ஒன்றிரண்டின் பருமன்!

இதற்காகவே போட்டியாளர்கள் வால்நட் மரக் கைப்பிடிகளைத் தங்கள் கைக்கென்றே செதுக்கிக்கொள்கிறார்கள். உள்ளங்கையில் சுண்ணத்தூள் தடவிப் பிடித்துப் பார்த்தால் எங்கே அழுந்துகிறது, எங்கே இடைவெளி இருக்கிறது என்பது மரத்தில் தெரிந்துவிடும். அழுந்தும் இடத்தை அரத்தால் தேய்ப்பார்கள். இடைவெளியை மரப்பசையால் நிரப்புவார்கள். உள்ளங்கையின் அடியில் ஒரு சிறு மரத்தட்டும் தாங்கி நிற்கும். இதற்கும் விதிகள் உண்டு. கைப்பிடியின் எப்பகுதியும் மணிக்கட்டைத் தொட்டுத் தாங்கக் கூடாது. காற்றுப் பிஸ்டலின் எடை 1500 கிராமுக்கு மிகக் கூடாது. அதன் டிரிக்கர் 500 கிராமுக்குக் குறைந்த எடையில் விடுபடக் கூடாது. இப்படிச் செதுக்கிய பிடியை உற்றுப் பார்த்தால், அதற்கு உரியவருடைய கையின் அச்சு மரத்தில் பதிந்திருப்பதைக் காணலாம். அது இன்னொருவருக்குப் பொருந்தாது. வலக் கைக்குச் செதுக்கியது இடக் கைக்குச் சற்றும் உதவாது.

இரண்டு பாதிகள்

எந்திரப் பாதி தவறினால் என்ன ஆகும் என்பதை நம் நாட்டவர் 2021இல் கண்டோம். டோக்கியோ ஒலிம்பிக்கில் மனு பாக்கர் 10 மீட்டர் பிஸ்டல் தகுதிச் சுற்றில் சுட்டுக்கொண்டிருந்தபோது அவருடைய துப்பாக்கி பழுதாகிவிட்டது. அதைச் சரிசெய்யப் போட்டி நேரத்தில் பல நிமிடங்கள் வீணாயின. 575 புள்ளிகளுடன் பன்னிரண்டாம் இடமே கிடைத்தது; முதல் எட்டுப் பேருக்குத்தான் இறுதிச் சுற்று. ஆயினும் 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் அதே போட்டியில் அவர் வெண்கலம் வென்றார்.

தகாச்சுக்கு நேர்ந்ததோ மற்றப் பாதியின் இழப்பு. எந்திரப் பாதி பழுதானால் மாற்று உறுப்பு வாங்கிப் பூட்டலாம். கைக்கு மாற்று உறுப்பு கடையில் இல்லை. இன்னொரு கையைத்தான் பழக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரிப் பிடிக்க, மணிக்கட்டைத் தளரவிடாமல் நிறுத்த, டிரிக்கரை நடுங்காமல் இழுக்க என்று அந்தக் கைக்கு ஒவ்வொன்றாகக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

எனவே எந்தப் பிஸ்டல் சிறந்தது என்று யாரேனும் கேட்டால், யாருடைய கைக்கு என்று திருப்பிக் கேளுங்கள். துப்பாக்கிக்கு மட்டும் உரிய நீதி அல்ல இது. உங்கள் வீட்டு அரிவாளின் பிடியையும், தச்சருடைய இழைப்புளியையும், கொத்தனாரின் கரண்டியையும் ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள். எங்கே தேய்ந்திருக்கிறது, எங்கே வழவழப்பாகியிருக்கிறது என்று கவனியுங்கள். கருவி எங்கே முடிகிறது, கை எங்கே தொடங்குகிறது என்று சொல்ல உங்களால் முடிகிறதா?