கீசர்ல ஸ்டார் பார்க்குறோம், பைப்பை யாரும் பார்க்குறதில்ல

வேலை சென்னையிலோ திருச்சியிலோ, லோன் போட்டு வீடு கட்டுறது ஊர்ல, குன்னம் பக்கம். நம்ம சேனல் பார்க்குறவங்கள்ல இப்படி நிறைய பேர் இருப்பீங்க. ஒருநாள் பிளம்பர் போன் பண்ணி, "கீசர் எங்க தம்பி வரணும்?"னு கேட்பார். நீங்க ஆபீஸ்ல மீட்டிங்ல இருப்பீங்க. "உங்களுக்கு எது வசதியோ அங்க வைங்கண்ணே"ன்னு சொல்லிட்டு வெச்சிடுவீங்க.

அவருக்கு வசதியான இடம் பெரும்பாலும் மாடிதான். அங்க ஒரே கீசர், அங்கிருந்து கீழ் பாத்ரூமுக்கு ஒரு நீள பைப். இந்த நீளத்துக்கு எவ்வளவு காசுன்னு இன்னைக்குப் பார்ப்போம்.

ஒரு யூனிட் கரண்ட்டுல 860 லிட்டர் தண்ணியை ஒரு டிகிரி சூடாக்கலாம். கணக்குக்கு இது ஒண்ணு போதும். சிபிவிசி பைப்ல மீட்டருக்கு எவ்வளவு தண்ணி நிக்கும்? அரை இன்ச்னா சுமார் 0.12 லிட்டர். முக்கால் இன்ச்னா 0.26. ஒரு இன்ச்னா 0.43. பார்க்க ஒரு சைஸ்தான் வித்தியாசம், உள்ளே நிக்கிற தண்ணி ஒண்ணரை மடங்குக்கு மேல ஆயிடுது.

கீசர்ல இருந்து குழாய் வரைக்கும் 12 மீட்டர், ஒரு இன்ச் பைப்னு வெச்சுக்குங்க. உள்ளே 5 லிட்டருக்கு மேல நிக்கும். குளிச்சு முடிச்சு குழாயை மூடினதும் அவ்வளவு சுடுதண்ணியும் சுவருக்குள்ளேயே ஆறிப்போகும். 25 டிகிரி தண்ணியை 55க்கு ஏத்தியிருந்தா, ஒவ்வொரு தடவையும் 0.18 யூனிட் காலி. வீட்டுல நாலு பேர் ஆளுக்கொரு நேரத்துல குளிச்சா, ரெண்டு மாச பில்லுல 43 யூனிட். அதுவே பாத்ரூமுக்குப் பக்கத்துலயே கீசர், 3 மீட்டர் அரை இன்ச் பைப்னா, 3 யூனிட்தான்.

"எங்க வீட்டுல பக்கெட் குளியல், முதல்ல வர்ற பச்சத்தண்ணியையும் பக்கெட்லயே பிடிச்சுக்குவோம், எதுவும் வீணாகல"ன்னு நினைப்பீங்க. தண்ணி வீணாகல, சரி. ஆனா சூடு போறது ஆரம்பத்துல இல்ல, கடைசியில. குழாயை மூடின பிறகு பைப்ல மாட்டிக்கிட்டு நிக்குதே, அதுலதான் போகுது.

40 யூனிட் வித்தியாசத்துக்கு எவ்வளவு பணம்? நம்ம ஊர் டேரிஃப்ல 401லிருந்து 500 யூனிட் வரைக்கும் யூனிட்டுக்கு ஆறு ரூபாய்ச் சொச்சம். ஆக பில்லுக்கு சுமார் 250 ரூபாய், வருஷத்துக்கு 1,500. அந்த 40 யூனிட் உங்களை 500க்கு மேல தள்ளிட்டா கதையே வேற. 500க்குள்ள இருக்குறவங்களுக்குக் கிடைக்குற சலுகை அந்த பில்லுல போயிடும். 500க்கு மேல வர்ற யூனிட்டுக்கு எட்டு ரூபாய்க்கு மேல.

கீசர் பெட்டியில ஒட்டியிருக்குற ஸ்டார் லேபிள், டேங்க்கில் தண்ணி சும்மா நிக்கும்போது 24 மணி நேரத்துல எவ்வளவு சூடு இழக்குதுன்னு சொல்லும். பைப்ல இழக்குறது அந்தக் கணக்குல வராது. அஞ்சு ஸ்டாருக்குக் கூடுதலா காசு கொடுத்துட்டு, 12 மீட்டர் பைப்ல அதைத் திருப்பி விட்டுடறோம்.

அப்போ பைப்புக்கு உறை போட்டா போதாதா? பாதி சரி. கருப்பு ரப்பர் உறை போட்டா, அரை மணி, ஒரு மணி நேரம் கழிச்சு அடுத்தவர் போகும்போது பைப்ல சூடு மிச்சம் இருக்கும். காலையில குளிச்ச தண்ணி சாயங்காலம் வரைக்கும் தாங்காது. மொட்டை மாடியில வெயில் படுற இடத்துல அந்த ரப்பரும் பொடிஞ்சு போயிடும், மேலே அலுமினிய டேப் சுத்தணும். உறைக்கு முன்னாடி நீளத்தைக் குறைங்க, அப்புறம் சைஸைக் குறைங்க. "ஒரு இன்ச் போட்டா ஃபோர்ஸ் நல்லா வரும்"னு பிளம்பர் சொல்வார். மெயின் லைனுக்கு அது நியாயம்தான். ஒரே ஒரு பாத்ரூமுக்குப் போற சுடுதண்ணி லைனுக்கு, பிரஷர் ரொம்பக் கம்மியா இல்லாத வரைக்கும், அரை இன்ச் தாராளம்.

சோலார் வெச்சிருக்கவங்களுக்குக் கணக்கு மாறும். சூடு வெயில் தர்றது, அதனால பைப்ல போறதுக்கு பில் வராது. ஆனா ஐப்பசி, கார்த்திகை மழையில உள்ளே இருக்குற கரண்ட் ஹீட்டரைப் போட்டீங்கன்னா மேலே சொன்ன கணக்குதான். இன்னொண்ணு, சோலார் டேங்க்கில் சுடுதண்ணி மேல்பக்கமா வெளியேறும். பைப் அங்கிருந்து நேரா மேலே ஏறினா, யாரும் குழாய் திறக்காமலேயே சூடு அது வழியா ஏறிப்போகும். வெளியே வந்த உடனே கீழ்நோக்கி இறக்கச் சொல்லுங்க. காற்று போக விட்டிருக்கும் வென்ட் பைப்பை மட்டும் யாரும் அடைக்கக் கூடாது. சுவர்ல மாட்டுற சாதாரண கீசருக்கு இந்தக் கவலை இல்ல, அதுல ரெண்டு பைப்பும் அடியிலதான் இருக்கும்.

ஏற்கெனவே டைல்ஸ் ஒட்டி முடிச்ச வீடா? 1,500 ரூபாய் மிச்சம் பண்றேன்னு சுவரை உடைக்காதீங்க. உடைச்சு, பைப் மாத்தி, புது டைல்ஸ் ஒட்டுற செலவு திரும்பி வர பல வருஷம் ஆகும். அதுக்கு பதிலா எல்லாரும் அடுத்தடுத்து குளிச்சாலே போதும், நாலு தடவை போற சூடு ஒரு தடவையா குறையும். அப்பாவும் அம்மாவும் மட்டும் இருக்குற கீழ்வீட்டுக்கு, பழைய கீசர் ரிப்பேர் ஆகும்போது பாத்ரூமுக்குள்ளேயே சின்னதா ஒண்ணு மாட்டிக்கலாம்.

இன்னும் பூச்சு வேலை முடியாதவங்க இன்னைக்கு சாயங்காலமே பிளம்பருக்கு போன் போட்டு, கீசர்ல இருந்து குழாய் வரைக்கும் எத்தனை மீட்டர்னு டேப் வெச்சு அளந்து சொல்லச் சொல்லுங்க. பூசறதுக்கு முன்னாடி பைப் போற வழியை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. நாளைக்கு ஆணி அடிக்கும்போதும் உதவும்.