நிகழ்நேரத் தேடலில் தமிழ்ப் பெயர்ச்சொல்: ஜெர்மனித் தமிழரின் சமூக ஊடக விளம்பரங்களை முன்வைத்து

முன்னுரை

2009 அக்டோபர் 23 முதல் 25 வரை ஜெர்மனியின் கொலோன் பல்கலைக்கழகத்தில் தமிழ் இணைய மாநாடு நடைபெற்றது. அதற்கு இரு நாள் முன்னர், அக்டோபர் 21 அன்று, ட்விட்டர் இடுகைகளைத் தத்தம் தேடுபொறிகளில் காட்டுவதற்கான உடன்பாட்டை மைக்ரோசாஃப்ட், கூகுள் ஆகிய இரு நிறுவனங்களும் அறிவித்தன. டிசம்பர் 7 அன்று கூகுள் தன் நிகழ்நேரத் தேடலைத் தொடங்கியது. உடன்பாடு முடிவுற்றதால் 2011 ஜூலையில் அது நின்றது. 2015இல் மீண்டும் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. இடைப்பட்ட காலத்தில் ஒரு வழக்கம் வேரூன்றிவிட்டது. இப்போது என்ன நடக்கிறது என்பதை அறிய மக்கள் சமூக ஊடகத்திலேயே தேடத் தொடங்கினர். வணிகரும் தம் விளம்பரத்தை அத்தேடலுக்கு ஏற்ப அமைக்கலாயினர்.

இம்மாற்றத்தில் தமிழ் அடைந்துள்ள இடர்ப்பாடு வணிகத்தை மட்டும் சார்ந்ததன்று. அது இலக்கணத்தையும் சார்ந்தது. நிகழ்நேரத் தேடல் சொல்லின் மாறா வடிவத்தை நாடுகிறது. தமிழோ வேற்றுமைதோறும் சொல்லின் வடிவத்தை மாற்றுகிறது. இம்முரண்பாட்டை விளக்குவதும், ஜெர்மனித் தமிழர் சூழலில் அதன் விளைவைக் காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்கள்.

நிகழ்நேரத் தேடல் இயங்கும் முறை

வழக்கமான தேடுபொறி மூன்று பணிகளைச் செய்கிறது. வலைப்பக்கங்களைத் திரட்டுகிறது, நூலின் இறுதியில் காணப்படும் சொல்லடைவு போன்றதோர் அடைவை உருவாக்குகிறது, வினவிய சொல்லுக்குப் பொருந்தும் பக்கங்களை மதிப்பிட்டு வரிசைப்படுத்துகிறது. மதிப்பீட்டுக்குப் பிற பக்கங்கள் தரும் இணைப்புகளும் பயனரின் தேர்வுகளும் துணைநிற்கின்றன. பக்கத்திலுள்ள சொல் வினவிய சொல்லிலிருந்து சற்று வேறுபட்டாலும் இத்துணைச் சான்றுகள் அப்பக்கத்தை முன்கொணரக் கூடும்.

சில நொடிகளுக்கு முன் எழுதப்பட்ட இடுகைக்கு இத்தகைய சான்றுகள் இன்னும் சேரவில்லை. எனவே இங்குக் காலப் புதுமையும் சொல்லின் நேர்ப்பொருத்தமும் முதன்மை பெறுகின்றன. நேர்ப்பொருத்தத்தை எளிதாக்கவே ‘ஹேஷ்டேக்’ எனப்படும் குறிச்சொல் 2007இல் ட்விட்டர் பயனரிடையே தோன்றியது. # என்னும் குறியை அடுத்து வரும் எழுத்துத் தொடர், இடைவெளியோ நிறுத்தக்குறியோ வரும்வரை, ஒரே அலகாகக் கொள்ளப்படும். ஓர் எழுத்து மாறினும் அது வேறொரு குறிச்சொல்லே.

வேற்றுமை உருபும் குறிச்சொல்லும்

வெஸ்ட்ஃபாலியா வட்டாரத்தின் ஹம் நகரிலுள்ள ஸ்ரீ காமாட்சி அம்பாள் ஆலயம் 2002இல் குடமுழுக்குக் கண்டது. ஆண்டுதோறும் அங்கு நிகழும் தேர்த் திருவிழாவுக்கு ஐரோப்பாவெங்கும் இருந்து பல்லாயிரக்கணக்கானோர் வருகின்றனர். திருவிழாவையொட்டிப் புடைவை, நகை, உணவு, நூல், இசைத்தட்டு முதலியன விற்கும் கடைகள் அணிவகுக்கின்றன. இத்தகைய கடைக்காரர் ஒருவர் தம் அறிவிப்பைத் தமிழில் எழுதுவதாகக் கொள்வோம்.

#தேர்த்திருவிழா, #தேர்த்திருவிழாவில், #தேர்த்திருவிழாவுக்கு, #தேர்த்திருவிழாவின் என்பன தமிழறிந்தார்க்கு ஒரே சொல்லின் நான்கு நிலைகள். பொறிக்கு நான்கு தனிச் சொற்கள். ஒற்றுமிகாமல் #தேர்திருவிழா என எழுதுவோரையும் சேர்த்தால் எண்ணிக்கை இரட்டிக்கும். ஜெர்மன் மொழியில் இதே அறிவிப்பை எழுதுபவருக்கு இவ்விடர் மிகக் குறைவு. அம்மொழியில் வேற்றுமை பெரும்பாலும் பெயருக்கு முன் நிற்கும் சிறுசொற்களில் புலப்படுகிறது. ‘திருவிழாவில்’ என்பதற்கு ஈடான ‘அவுஃப் டெம் ஃபெஸ்ட்’ என்னும் தொடரில் முதலிரு சொற்களும் குறிக்கு வெளியே நின்றுவிடும், ‘ஃபெஸ்ட்’ மாறாது.

உருபுகளை நீக்கி அடிச்சொல்லைக் காணும் நிரல்கள் இல்லாமலில்லை. ‘ஸ்னோபால்’ என்னும் கட்டற்ற தொகுப்பில் ஜெர்மனுக்கும் உண்டு, தமிழுக்கும் உண்டு. ஆயின் குறிச்சொல் பிரிக்கப்படாத அலகாகக் கருதப்படும் இடத்தில் அவற்றால் பயன் விளைவதில்லை.

ஓர் ஊர், பல எழுத்து

இரண்டாவது சிக்கல் பெயர்களின் எழுத்துமுறை. தமிழகத்தார் ‘ஜெர்மனி’ என எழுத, ஈழத்தவருள் பலர் ‘ஜேர்மனி’ என்றும் ‘யேர்மனி’ என்றும் எழுதுகின்றனர். தனித்தமிழ் அன்பர் ‘செருமனி’ என்பர். ‘கொலோன்’ ஆங்கில வழி வந்தது; ‘கேல்ன்’ ஜெர்மன் ஒலிப்பைத் தழுவியது. ‘கோயில்’, ‘கோவில்’ இரண்டும் நல்ல வழக்கே. ஒவ்வொரு வடிவத்துக்கும் வரலாறும் நியாயமும் உண்டு. ஆயினும் ஒரு வடிவத்தைத் தேடுபவர் மற்றொன்றில் எழுதியவரைச் சந்திப்பதில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து 1983க்குப் பின் வந்தவரும், அண்மைக் காலத்தில் தமிழகத்திலிருந்து கணினிப் பணிக்கு வந்தவரும் ஒரே நகரில் வாழ்ந்தும் தேடலில் இரு குழுவினராகின்றனர்.

படமாகிய எழுத்து

மூன்றாவது சிக்கல் நாமே தேடிக்கொண்டது. புலம்பெயர் தமிழரிடையே துண்டறிக்கைகள் நெடுங்காலம் ‘பாமினி’ போன்ற பழைய எழுத்துருக்களில் அமைக்கப்பட்டன. ஒருங்குறியில் தமிழ் 1991ஆம் ஆண்டின் முதற் பதிப்பிலேயே இடம்பெற்றிருந்தும் அச்சுப்பணியில் அவ்வழக்கம் எளிதில் மாறவில்லை. பாமினியில் எழுதியதைச் சமூக ஊடகத்தில் ஒட்டினால் ரோமன் எழுத்துக் குவியலே தோன்றும். ஆகவே அறிக்கையைப் படமாக்கி வெளியிடுகின்றனர். மனிதர் அதைப் படிப்பர். சொல்லடைவை நம்பும் தேடலுக்கு அது எழுத்தற்ற ஓவியம். அப்படம் மூடிய வாட்ஸ்அப் குழுவில் மட்டும் சுற்றுமாயின் பொதுத் தேடல் அதனை அணுகவும் இயலாது.

இம்மூன்று சிக்கல்களும் கூடி வணிகரை ஒரு முடிவுக்குத் தள்ளுகின்றன: கண்டறியப்பட வேண்டுமெனில் ரோமன் எழுத்தே பாதுகாப்பானது. 2017 ஜனவரியில் மெரினாவில் திரண்ட ஜல்லிக்கட்டுப் போராட்டம் தமிழுணர்வின் எழுச்சியெனப் போற்றப்பட்டது. எனினும் அதனை உலகறியச் செய்த குறிச்சொற்களுள் ரோமன் எழுத்தில் அமைந்தவையே முன்னின்றன. அவற்றைக் கையாண்டோரைக் குறைகூறுவதற்கில்லை. கருவி எவ்வழி எளிதோ அவ்வழியே மக்கள் செல்வர்.

செய்யத்தக்கன

வணிகரும் ஆலயத்தாரும் இன்றே பின்பற்றத்தக்க வழி ஒன்றுண்டு. வாக்கியத்தை இயல்பான தமிழில் உருபுகளோடு எழுதுக. இறுதியில் உருபேற்காத எழுவாய் வடிவத்தை மட்டும் குறிச்சொல்லாகத் தனியே தருக. படத்தோடு அதன் வாசகத்தை ஒருங்குறியிலும் இடுக. 

தமிழியல் துறையினர்க்கு உரியது வேறு பணி. புலம்பெயர் தமிழர் வழங்கும் இடப்பெயர், நிறுவனப்பெயர், விழாப்பெயர் ஆகியவற்றின் எழுத்து வேறுபாடுகளைத் திரட்டி, கணினி பயன்படுத்தத்தக்க பொதுப் பட்டியலாக வெளியிட வேண்டும். எவ்வடிவம் சரி என்று தீர்ப்பளிப்பது அதன் வேலையன்று. இவை யாவும் ஒன்றையே சுட்டுகின்றன என்று பொறிக்கு அறிவிப்பதே அதன் வேலை.

முடிவுரை

சீகன்பால்கு இலத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் 1716இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சேறியது. தமிழ்ப் பெயர் எவ்வாறு வேற்றுமை ஏற்கிறது என்பதைத் தமிழறியா வாசகர்க்கு விளக்குவது அந்நூலின் பணிகளுள் ஒன்று. இன்று அவ்விளக்கத்தை வேண்டி நிற்பது தேடுபொறி. அதற்கு நாம் விளக்காதொழிந்தால், ஹம் நகரத் திருவிழாக் கடைக்காரர் தம் பெயர்ப்பலகையில் தமிழையும் விளம்பரத்தில் ரோமன் எழுத்தையும் வைத்துக்கொள்வார். நாளை இக்குடியினரின் வரலாற்றை எழுத முனைவோர் தமிழில் தேடும்போது அவ்விளம்பரங்களுள் ஒன்றும் கிட்டாமற் போகக்கூடும்.