உஷார்! முதல் விமானத்தை விட்டால் மொத்த டிக்கெட்டும் காலி

துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் கிளம்புகிற அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துப் பிள்ளைகளே, "கம்மி ரேட்டுல முடிச்சுத் தர்றேன் தம்பி, வெளியில சொல்லாதீங்க" என்று டிக்கெட் போடுகிறவர் குரலைத் தாழ்த்தினால் அந்த இடத்திலேயே உஷாராகிவிடுங்கள். மாட்டினால் கவுன்ட்டரில் நிற்கப்போவது நீங்கள்தான், அவர் அல்ல.

விமானக் கட்டணம் பஸ் கட்டணம் மாதிரி தூரத்தைப் பார்த்துப் போடுவதில்லை. மதுரையில் ஏறி சென்னை வழியாக துபாய் போகும் டிக்கெட், சென்னையிலிருந்தே ஏறுவதைவிடச் சில நாட்களில் மலிவாகக் கிடைக்கும். சென்னையில் இருக்கிற பையனுக்கு அதைப் போட்டுக் கொடுத்து, "மதுரைக்கு எதுக்கு வரணும்? மீனம்பாக்கத்துலயே ஏறிக்க" என்பார்கள். ஏற முடியாது. முதல் விமானத்தில் ஏறவில்லை என்றால் கணினியில் 'நோ-ஷோ' விழும். அடுத்து வரும் பயணங்கள் எல்லாம் தானாக ரத்தாகும். ரிட்டர்னும் அதே டிக்கெட்டில் இருந்தால் பெரும்பாலும் அதுவும் போச்சு. விசா முடியப்போகிற நேரத்தில், அன்றைய விலைக்குப் புது டிக்கெட் வாங்க வேண்டியதுதான்.

கடைசி விமானத்தை விட்டுவிட்டு நடுவழியில் இறங்கிக்கொள்வது இன்னொரு வித்தை. கொழும்பு வழியாகப் போகிற டிக்கெட்டை வாங்கி கொழும்பிலேயே இறங்கினால், செக்-இன் செய்த பெட்டி கடைசி ஊருக்கென்று டேக் போடப்பட்டிருப்பதால் அங்கே உங்கள் கைக்கு வராது. வெளிநாடுகளில் இதற்கு வழக்கும் நடந்திருக்கிறது. 2016-ல் இப்படி ஃபிராங்க்ஃபர்ட்டில் கழன்றுகொண்ட பயணி மீது லுஃப்தான்சா நிறுவனம் சுமார் 2,112 யூரோ கேட்டு வழக்குப் போட்டது. பெர்லின் நீதிமன்றம் தள்ளுபடி செய்தும் விடாமல் மேல்முறையீட்டுக்குப் போனது. இந்த வித்தையைத் தேடிக் கொடுக்கும் ஸ்கிப்லாக்ட் இணையதளம் பதிப்புரிமை மீறலுக்காக அமெரிக்கன் ஏர்லைன்ஸுக்கு 94 லட்சம் டாலர் தர வேண்டும் என்று 2024 அக்டோபரில் டெக்சஸில் தீர்ப்பு வந்தது.

நம் பக்கம் அதிகம் பயப்பட வேண்டியது ஸ்டூடன்ட் ஃபேர், சீனியர் சிட்டிசன் ஃபேர் விஷயத்தில்தான். கல்லூரிப் பக்கமே போகாத ஆளுக்கும் 'ஸ்டூடன்ட்' என்று டிக் அடித்துவிடுவார்கள். பயணிக்கே தெரியாது. மதுரை பெருங்குடி விமான நிலையத்தில் போர்டிங் பாஸ் வாங்கும்போது "ஐடி கார்டு எடுங்க" என்று கேட்டால் வித்தியாசத் தொகையைக் கட்டச் சொல்லலாம், ஏற்றாமலும் விடலாம். வழியனுப்ப வேன் பிடித்து வந்த சொந்தக்காரர்கள் வெளியே காத்திருக்க, உள்ளே ஒருவன் யார் யாருக்கோ போன் போட்டுக்கொண்டு நிற்பான்.

மதுரை–சென்னை ஒரு கம்பெனி, சென்னை–துபாய் வேறு கம்பெனி என்று இரண்டு பிஎன்ஆர் (புக்கிங் எண்) போட்டு, ஒரே டிக்கெட் போல நீட்டுவதும் உண்டு. முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது கம்பெனி பொறுப்பேற்காது. விசாவுக்குக் காட்டுகிற 'டம்மி டிக்கெட்' இன்னும் மோசம்; பணம் கட்டாத வெறும் புக்கிங் அது, சில நாளில் தானாக மறைந்துவிடும்.

ஆகவே மீதிப் பணத்தைக் கொடுக்கும் முன் பிஎன்ஆரையும் பெயரையும் விமான நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் அனுப்பும் பிடிஎஃப் சாட்சி ஆகாது. டிக்கெட் உறுதியாகியிருக்கிறதா, என்ன ஃபேர், எத்தனை பிஎன்ஆர், பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். படிக்கத் தெரிந்த பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாலும் சரி.

ஏற்கெனவே ஏமாந்து விமானத்தை விட்டவர்களுக்கு ஒன்று: 'நான்-ரீஃபண்டபிள்' டிக்கெட்டாக இருந்தாலும், நோ-ஷோ ஆகியிருந்தாலும், அரசு வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் இந்திய விமான நிறுவனங்கள் திருப்பித் தர வேண்டும் என்பது விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டிஜிசிஏ அமைப்பின் விதி. கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் மத்திய அரசின் ஏர்சேவா தளத்தில் புகார் கொடுங்கள்.