நெல்லிக்கனியும் நெடுவாழ்வும்
(முதுமைக்கால ஓய்வூதியச் சீர்திருத்தம் குறித்த ஒரு நோக்கு)

முன்னுரை

தகடூர் என்னும் பழம்பெயர் கொண்ட தருமபுரிக்குப் புகழ் சேர்த்தவன் அதியமான் நெடுமான் அஞ்சி. உண்டாரை நெடுநாள் வாழவைக்கும் நெல்லிக்கனியைத் தான் உண்ணாது ஔவைக்கு ஈந்த அவனது கொடையைப் புறநானூறு போற்றுகிறது. அக்கொடையை நினைவுகூரும் நாம் ஒன்றை மறந்துவிடுகிறோம். கனி வாழ்நாளை நீட்டியது. நீண்ட வாழ்நாளுக்கு உணவும் மதிப்பும் தந்தது அதியனின் அவைக்களம். ஆயுள் வேறு, ஆயுளைத் தாங்கும் வழி வேறு.

இன்று மருத்துவமும் தடுப்பூசியும் பொது வழங்கல் முறையும் நெல்லிக்கனியைப் பெரும்பாலோர் கையில் தந்துவிட்டன. அவைக்களத்தை யார் தருவது என்பதே எஞ்சி நிற்கும் வினா. அவ்வினாவைத் தமிழகத்தையும், சிறப்பாக நம் மாவட்டத்தையும் முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதுமை பெருகும் தமிழகம்

2011ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களுள் 60 வயதைக் கடந்தோர் ஏறத்தாழ 10.4 விழுக்காட்டினர். நடுவண் அரசின் மக்கள்தொகை மதிப்பீட்டுக் குழு இவ்விழுக்காடு 2021இல் 13.6 ஆகவும், 2031இல் 18.2 ஆகவும் உயரும் எனக் கணித்துள்ளது. அதாவது பதினொருவருள் இருவர் முதியோராக இருப்பர். பெரிய மாநிலங்களுள் கேரளம் ஒன்றே இதில் நம்மை முந்தி நிற்கிறது.

மறுபுறம் பிறப்பு குறைந்து வருகிறது. மக்கள்தொகை நிலைபெறப் பெண் ஒருவர்க்கு 2.1 குழந்தைகள் வேண்டும் என்பர். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழகத்தின் அளவு 1.8 மட்டுமே. முற்காலத்தில் ஐந்து பிள்ளைகள் பகிர்ந்துகொண்ட பெற்றோரின் பொறுப்பு, இனி ஒருவர் அல்லது இருவர் தோளில் இறங்கும்.

கொடையா, உரிமையா?

முதியோர்க்குப் பொதுநிதியிலிருந்து வழங்குதல் மேலைநாட்டார் கண்டுபிடிப்பு எனக் கருதுவோர் உளர். கலீபா உமர் (ரலி) அவர்கள், வாயிலில் இரந்து நின்ற யூத முதியவர் ஒருவரைக் கண்டு, அவர்மீதிருந்த வரியை நீக்கி, பைத்துல்மாலிலிருந்து உதவித்தொகை வழங்க ஆணையிட்ட செய்தியை இமாம் அபூ யூசுபின் 'கிதாபுல் கராஜ்' குறிப்பிடுகிறது. இளமையில் ஒருவரிடம் வரி பெற்றுவிட்டு முதுமையில் அவரைக் கைவிடுதல் நீதியன்று என்பதே அவ்வாணையின் உட்கருத்து.

இக்காலப் பொருளிலான முதுமைக் காப்பீடு 1889இல் பிஸ்மார்க் காலத்து ஜெர்மனியில் சட்டமாயிற்று. அன்று தகுதி வயது 70. அவ்வயதை எட்டியோர் சிலரே. 1916இல் அது 65 ஆகக் குறைக்கப்பட்டது. மக்கள் நெடிது வாழத் தொடங்கியபின், 2007ஆம் ஆண்டுச் சட்டத்தால் அந்நாடு அதனைப் படிப்படியாக 67 ஆக உயர்த்தி வருகிறது.

நம் நாட்டில் 1982 டிசம்பர் 17ஆம் நாள் 'நகாரா' வழக்கில் உச்ச நீதிமன்றம், ஓய்வூதியம் அரசு விரும்பினால் வழங்கும் அருட்கொடையன்று, பணியாற்றிய காலத்து உழைப்பிற்குரியது என்று தெளிவுபடுத்தியது. அந்நாளே ஓய்வூதியர் நாளாக இன்றளவும் கொண்டாடப்படுகிறது.

2003: ஒரு பிரிகோடு

பழைய ஓய்வூதிய முறையில், நிறைவான பணிக்காலம் உடையவர் இறுதியாகப் பெற்ற ஊதியத்தின் பாதியை ஓய்வூதியமாகப் பெறுவார், அகவிலைப்படியும் சேரும். அவர் எத்தனை ஆண்டுகள் வாழ்ந்தாலும் சுமை அரசினுடையது. தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் 1 முதல் பணியேற்றோர்க்கு இம்முறை நீக்கப்பட்டு, பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம் புகுத்தப்பட்டது. அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் 10 விழுக்காட்டை ஊழியர் செலுத்த, அதே அளவை அரசும் செலுத்தும். நடுவண் அரசு 2004 சனவரி 1 முதல் தேசிய ஓய்வூதிய முறையைக் கொணர்ந்தது. தமிழகம் அதிற் சேராமல் தனித்து நின்றது. தமிழகத் திட்டத்தில் ஓய்வு பெற்றோர்க்குத் திரண்ட தொகை ஒருமுறை வழங்கப்பட்டதேயன்றி மாதந்தோறும் ஓய்வூதியம் கிட்டவில்லை.

இதன் விளைவை ஒரு கணக்கால் விளக்கலாம். ஒருவர் 20 இலட்சம் ரூபாயுடன் ஓய்வு பெறுவதாகக் கொள்வோம். ஆண்டுக்கு 6 விழுக்காடு வருவாய் கிட்டினால் மாதம் 10,000 ரூபாய் ஆகும். விலைவாசி ஆண்டுதோறும் 5 விழுக்காடு உயருமாயின் ஏறத்தாழ 14 ஆண்டுகளில் அப்பணத்தின் வாங்கும் ஆற்றல் பாதியாகிவிடும். அறுபதில் போதுமானதாகத் தோன்றியது எழுபத்து நான்கில் போதாது. நெடிது வாழ்தல் பேறாக இருந்த நிலை மாறி அச்சமாக உருவெடுப்பது இவ்விடத்தில்தான். ஒரே ஆசிரியர் அறையில், ஒரே பாடத்தை நடத்தும் இருவருள், 2003 மார்ச்சில் பணியேற்றவர் அச்சமின்றி இருக்க, ஏப்ரலில் பணியேற்றவர் இவ்வச்சத்தைச் சுமந்தார். அப்பிரிகோட்டிற்கு இப்பால் நிற்போருள் எம்மையொத்தோரும் அடங்குவர்.

எனினும், அரசின் கணக்கையும் புறந்தள்ளுதல் ஆகாது. ஊழியருக்கு வழங்கும் உறுதி, நாளைய வரிசெலுத்துவோர் மீது எழுதப்படும் கடன்சீட்டு ஆகும். ஆகவே இரண்டிற்கும் இடைப்பட்ட வழி தேடப்பட்டது. நடுவண் அரசு 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறைப்படுத்திய ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம், 25 ஆண்டுப் பணிக்கு, இறுதி 12 மாத அடிப்படை ஊதியச் சராசரியில் பாதியை உறுதி செய்கிறது. தமிழ்நாடு அரசும் 2026 சனவரி 3ஆம் நாள், இறுதி ஊதியத்தில் 50 விழுக்காட்டை உறுதி செய்யும் ஓய்வூதியத் திட்டத்தை அறிவித்தது. இரண்டிலும் ஊழியரின் 10 விழுக்காட்டுப் பங்களிப்பு தொடரும். பற்றாக்குறையை அரசு ஏற்கும். சுமையைப் பகிர்தல் என்னும் கொள்கை இதில் உள்ளது. இதனை நாம் வரவேற்கிறோம்.

ஓய்வு பெறும் வயது

தமிழக அரசு ஊழியரின் ஓய்வு வயது 2020இல் 58இலிருந்து 59 ஆகவும், 2021இல் 60 ஆகவும் உயர்த்தப்பட்டது. ஓராண்டு கூடுதலாக உழைப்பவர் ஓராண்டு கூடுதலாகப் பங்களிக்கிறார். ஓய்வூதியம் பெறும் காலமும் ஓராண்டு குறைகிறது. நிதிநோக்கில் இது இரட்டைப் பயன். ஆனால் நம் வகுப்பறையில் அமர்ந்திருக்கும் மாணவரின் நோக்கு வேறு. பொருளாதாரத்தில் வேலைகளின் எண்ணிக்கை நிலையானதன்று என்பர் அறிஞர். அரசுப் பணியிடங்களோ ஒருவர் விலகினாலன்றிப் பெரும்பாலும் காலியாவதில்லை. முதியவரின் ஓராண்டு நீட்டிப்பு இளைஞரின் ஓராண்டுக் காத்திருப்பாக முடிவதுண்டு.

மேலும், எல்லாப் பணிக்கும் ஒரே வயது பொருந்தாது. நூலறிவால் தொழில் செய்வோர் அறுபதிலும் தளர்வதில்லை. கல்லுடைப்போரும் சுமை தூக்குவோரும் ஐம்பதிலேயே உடல் தளர்ந்துவிடுகின்றனர். வயதைக் கூட்டுமுன் தொழிலின் கடுமையைக் கணக்கிற் கொள்ளுதல் வேண்டும்.

ஓய்வே அறியாதோர்

இதுகாறும் கூறியவை மாத ஊதியம் பெறும் சிறுபான்மையினரைப் பற்றியவை. தருமபுரி மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்பின்படி 15,06,843 பேர் வாழ்ந்தனர். ஐவருள் நால்வர்க்கு மேற்பட்டோர் சிற்றூர்வாசிகள். மழை பொய்க்கும் பென்னாகரம், அரூர்ப் பகுதிகளிலிருந்து பெங்களூரின் கட்டடப் பணிக்கும் திருப்பூரின் பின்னலாடைத் தொழிலுக்கும் செல்வோர் பலர். புளி தட்டிக் கொட்டை நீக்கும் பாட்டிமார்க்கு ஓய்வு வயது என்று ஒன்றில்லை. 'நீண்ட பணிக்காலம்' என்பது அவர்களுக்குப் புதிய கொள்கையன்று. பிறந்தது முதல் அறிந்த வாழ்க்கை.

இவர்களுக்கென 1962இல் மாதம் 20 ரூபாயுடன் தமிழகம் முதியோர் உதவித்தொகையைத் தொடங்கியது. 1995இல் நடுவண் அரசு தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டத்தை 75 ரூபாயுடன் தொடங்கியது. தமிழகத்தில் 2011இல் 1,000 ரூபாயாகவும், 2023இல் 1,200 ரூபாயாகவும் தொகை உயர்ந்தது. 1,200 ரூபாய் என்பது நாளொன்றுக்கு 40 ரூபாய். பன்னிரண்டு ஆண்டுகளில் ஐந்தில் ஒரு பங்கே கூடியது. அதே காலத்தில் அரசு ஊழியரின் அகவிலைப்படி பலமுறை உயர்ந்தது. விலைவாசி இருசாரார்க்கும் ஒன்றே அன்றோ?

பள்ளிவாசல்களில் பணியாற்றும் பேஷ் இமாம், மோதினார், அரபி ஆசிரியர் ஆகியோர்க்கென 2009இல் உலமாக்கள் மற்றும் பணியாளர்கள் நல வாரியம் அமைக்கப்பட்டது. அதிற் பதியாதோரைப் பதியச் செய்தல் ஒவ்வொரு ஜமாஅத்தின் கடமையாகும்.

இளைஞர் அறிய வேண்டுவன

தொழிற்சாலைகளுக்குச் செல்லும் நம் மாணவர், தொழிலாளர் வைப்புநிதியில் ஓய்வூதியப் பகுதி தனியே உண்டென்பதை அறிதல் நலம். 1995ஆம் ஆண்டுத் திட்டப்படி ஓய்வூதியம் பெறப் பத்தாண்டுப் பணி வேண்டும். வேலை மாறும்போதெல்லாம் பணத்தை எடுத்துவிடுவோர் அத்தகுதியை இழக்கின்றனர். புதிய கணக்கிற்கு மாற்றிக்கொள்வோர் காக்கின்றனர்.

2015இல் தொடங்கிய அடல் ஓய்வூதியத் திட்டத்தில் 18 வயதினர் மாதம் 210 ரூபாய் செலுத்தினால் அறுபதில் 5,000 ரூபாய் பெறலாம். நாற்பதில் சேர்வோர் அதற்கு 1,454 ரூபாய் செலுத்த வேண்டும். காலம் தரும் பயனை இவ்வேறுபாடு காட்டுகிறது. ஆயினும் அத்தொகை விலைவாசியோடு உயர்வதில்லை. விலைவாசி ஆண்டுக்கு 5 விழுக்காடு உயருமாயின் 42 ஆண்டுகளுக்குப் பின் 5,000 ரூபாயின் மதிப்பு இன்றைய 650 ரூபாய்க்கும் குறைவு. வட்டி குறித்து ஐயமுடையோர் மார்க்க அறிஞரிடம் தெளிவு பெற்று முடிவு செய்க.

முடிவுரை

சீர்திருத்தம் மூன்று படிகளில் அமைதல் வேண்டும் என்பது நம் கருத்து. முதலாவது, எல்லா ஏழை முதியோர்க்கும் விலைவாசியோடு உயரும் அடிப்படை ஓய்வூதியம். இரண்டாவது, ஊரும் மாநிலமும் மாறினும் தொடரும் பங்களிப்புக் கணக்கு. மூன்றாவது, ஊழியரும் அரசும் சுமையைப் பகிரும் உறுதியான ஓய்வூதியம். முதற்படி இன்றி மூன்றாம் படியை மட்டும் கட்டுதல் அடித்தளமின்றி மாடி எழுப்புதலை ஒக்கும்.

பெற்றோரைப் பேணுதல் பிள்ளைகளின் கடமை என்பதைத் திருமறை வலியுறுத்துகிறது. 2007ஆம் ஆண்டுப் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டமும் வற்புறுத்துகிறது. ஆனால் அன்றாடக் கூலிபெறும் மகனிடம் அன்பு இருக்கலாம், பொருள் இராது. அவ்விடத்தில் சமுதாயமும் அரசும் துணை நிற்றல் வேண்டும்.

வயதுச் சான்று இன்மையாலும், குடும்ப அட்டையில் ஒரு வயதும் வாக்காளர் அட்டையில் வேறொரு வயதும் இருப்பதாலும் உதவித்தொகை கிட்டாத முதியோர் நம் ஊர்களில் உளர். நம் நாட்டுநலப்பணித் திட்ட மாணவர் விடுமுறையில் தத்தம் தெருவில் அத்தகையோர் ஒருவரைக் கண்டறிந்து, விண்ணப்பம் எழுதி, வட்டாட்சியர் அலுவலகம் வரை உடன் சென்று வருவாராயின், அதியமான் ஆண்ட மண்ணில் அது சிறிய கொடையாகாது.